சுவரில் எழுதிய கார் நம்பர்

மார்ச் 4

அடி மைக்கு,

உன் அக்கா இன்று காலை எங்கள் சைட் ஆபீசுக்குப் போன் செய்தாளாம். நான் சுரங்கத்துக்குள் இருந்தேன். மதியம் வெளியே வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் கிளார்க் வந்தான். "உங்க வீட்டம்மாவை நேத்து கார் அடிச்சிருச்சாம், உசுருக்கு ஒண்ணுமில்லையாம்" என்று, சாமான் லாரி வந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான். அந்த 'ஒண்ணுமில்லையாம்' என் காதில் ஏறுவதற்குள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாடை உடைந்துவிட்டது, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், ஒன்றரை மாதம் வாயைத் திறக்கக்கூடாது என்று அக்கா சொன்னாளாம். ஸ்டேஷன் மைக்கில் எத்தனை ரயிலை வரவேற்று, எத்தனை ரயிலை வழியனுப்பிய வாய்! நினைத்தாலே எனக்குப் பல் கூசுகிறது.

உடனே வர முடியவில்லை, திட்டாதே. சுரங்கத்தின் இரண்டு முனைகளும் சந்திக்கப்போகும் நேரம். துளை போடும் மெஷினுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. அடுத்த மாதம் மூன்று நாள் லீவு தருகிறேன் என்றிருக்கிறார் மேனேஜர். மூன்று நாளும் உன் கட்டிலை விட்டு நகர மாட்டேன். அதுவரை கடிதம்தான். இங்கே செல்போனுக்குச் சிக்னல் இல்லை. ஆபீஸ் போனில் பேசினால் கிளார்க் முதல் சமையல்காரர் வரை காதை நீட்டுவார்கள். நீயோ வாய் திறக்க முடியாமல் கிடக்கிறாய். சாமான் லாரி கீழே இறங்கும் நாளெல்லாம் தபால் வரும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். சேஃப்டி வகுப்பில் தலைகீழாகப் பாடம் பண்ணியிருக்கிறேன். சைக்கிளைத் தொடாதே, சக்கரத்தை நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது வந்தால் விரட்டு. உடைந்த ஹெல்மெட்டைத் தூக்கிப் போடாதே, ரத்தம் பட்ட சட்டையைத் துவைக்காதே. கார் நம்பரை யாராவது குறித்தார்களா என்று விசாரி. பார்த்தவர்கள் இருந்தால் அவர்கள் விலாசம் வேண்டும். போலீசில் புகார் கொடுக்காமல் விடாதே. டாக்டரிடம் தாடையை மட்டும் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளாதே, முதுகையும் இடுப்பையும் காட்டு. இன்றைக்கு வலிக்காதது நாளைக்கு வலிக்கும். கார்க்காரன் வந்து காலில் விழுந்தாலும் 'பரவாயில்லை' என்று சொல்லாதே. உன்னால் சொல்ல முடியாதுதான், தலையையும் ஆட்டாதே. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

இன்னொன்று. மத்தியானம் உன் செல்லுக்குப் போன் போட்டேன். உன் அக்கா எடுப்பாள் என்று பார்த்தால் ஓர் ஆண் குரல். "அவங்களால பேச முடியாதுங்க, என்ன சொல்லணும்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றது. டாக்டர் இல்லை. டாக்டர் இவ்வளவு பணிவாகப் பேச மாட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

யார் அது?

உன் பாறை


மார்ச் 9

என் பாறைக்கு,

கண் வலிக்கிறதா, கழுத்து வலிக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் 'யார் அது' என்று கேட்டீர்களே, அதில்தான் நீங்கள் நீங்களாகவே இருக்கிறீர்கள் என்று நிம்மதியானேன். (வலிக்கிறது. இரண்டும்.)

உங்கள் பாடத்தைப் படித்துவிட்டு உள்ளுக்குள்ளேயே சிரித்தேன். வாயைத் திறந்து சிரிக்கத்தான் வழியில்லையே. நீங்கள் எழுதியது ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் அன்றைக்கே செய்து முடித்துவிட்டார். போனில் பேசிய பணிவான குரல் அவருடையதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் ரோடு திரும்பும் முனையில் டயர் கடை இருக்கிறதல்லவா, அங்கே சரியான பக்கத்தில், ஓரமாகத்தான் போனேன். ஒரு கறுப்புக் கார் பக்கவாட்டில் வந்து திரும்பிப் பின்சக்கரத்தில் இடித்தது. நான் பறந்துபோய் நடைபாதைக் கல்லில் தாடையைக் கொடுத்தேன். அதற்கப்புறம் வானம் மட்டும் தெரிந்தது, வாயெல்லாம் உப்பு.

டயர் கடைச் சுவருக்கு ஒருவர் ஏணி போட்டுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். மேலே நின்றவர் முழுவதையும் பார்த்திருக்கிறார். இறங்கி வருவதற்கு முன்னால், காரைப் பார்த்துக்கொண்டே, கையில் இருந்த தூரிகையால் சுவரிலேயே கார் நம்பரை எழுதிவிட்டாராம். ஒவ்வொரு எழுத்தும் என் முழங்கை நீளம், சிவப்பில்! கறுப்புக் கார்க்காரர் நழுவப் பார்த்தாராம். சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாராம். கூடிய கூட்டம் என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கப் போயிருக்கிறது. "யாரும் தொடாதீங்க, கழுத்து எப்படி இருக்குன்னு தெரியாது" என்று இவர்தான் தடுத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை என் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் டர்பென்டைன் வாசனை. அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

காரும் சைக்கிளும் கிடந்த இடத்தைப் போட்டோ எடுத்தார். போலீசுக்குச் சொன்னார். சைக்கிளைத் தார்ப்பாய் போட்டு மூடி டயர் கடைப் பின்கட்டில் வைத்திருக்கிறார். ஹெல்மெட்டும் சட்டையும் ஒரு பையில். மறுநாள் கறுப்புக் கார்க்காரர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார், வாய் கட்டிக் கிடப்பவளுக்கு ஆப்பிள்! ஆப்பிளுக்கு அடியில் ஒரு காகிதம், பேனா. 'சின்ன விபத்து, புகார் இல்லை' என்று எழுதியிருந்தது. பெயின்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்துக் கார்க்காரர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பினார்.

அக்கா நேற்று ஊருக்குப் போய்விட்டாள், அவள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். பல்லிடுக்கில் முணுமுணுக்கலாம், ஆனால் அப்படிக் கேட்கிற குரல் என்னுடையது இல்லை, அதனால் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். சூப்பை வடிகட்டி உறிஞ்சுகிறேன். கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

உங்கள் மைக்


மார்ச் 13

மைக்கு,

'பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.' இதை நான் சாப்பிடும்போது படித்தேன். அதற்கப்புறம் சாப்பிடவில்லை.

அந்த மனிதர் நல்லது செய்திருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். ரோட்டில் விழுந்தவளைத் தூக்கிவிடுவது மனிதத் தன்மை. போலீசுக்குச் சொல்வது கடமை. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஏன் வந்தார்? அதற்கு மறுநாள்? ஏணியில் நிற்கிறவனுக்கு ஏணியில் வேலை இல்லையா? அந்தச் சுவரை யார் அடிக்கிறார்கள்?

நீ எழுதியதில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆயிற்று? டர்பென்டைன் வாசனை ஞாபகம் இருக்கிறதாம். என் கையில் என்ன வாசனை என்று உனக்குத் தெரியுமா? கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது, ஒரு நாள் சொன்னதில்லை.

கார் நம்பரைச் சுவரில் எழுதினாராம், முழங்கை நீளத்தில். சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லையா அவரிடம்? நான் உன்னைப் பெண் பார்க்க வந்த காலத்தில் ஒரு சுவரிலும் எழுதியதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை.

எனக்குக் காமாலைக் கண் என்று சொல்வாய். சொல்லிக்கொள். மலைக்குள் பகலில்கூட இருட்டில் நிற்கிறவனுக்கு எது மஞ்சள், எது வெள்ளை என்று எப்படித் தெரியும்? நீதான் எழுத வேண்டும். அவருக்கு என்ன வயது, எப்போது வருகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார், எல்லாம் எழுது. வந்தால் உட்காருகிறாரா?

சட்டையைத் துவைக்கவில்லையே?

பாறை


மார்ச் 18

என் பாறைக்கு,

உட்காருகிறார். நாற்காலியில்.

இரண்டு வருஷமாக உங்கள் கடிதம் எப்படி இருக்கும் தெரியுமா? 'நலம், நலமறிய ஆவல், இங்கே மழை, பணம் அனுப்பியிருக்கிறேன்.' லீவில் வந்தாலும் தூங்குகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், மலைக்குத் திரும்பிவிடுகிறீர்கள். என் தாடை உடைந்ததும் பக்கத்துக்கு நாலு கேள்வி! இது முன்னாலேயே தெரிந்திருந்தால் சைக்கிளைக் கொஞ்சம் முன்னாலேயே நடு ரோட்டில் விட்டிருப்பேன்.

கேட்டதற்குப் பதில். வயது உங்களைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். முடி நிறைய இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து கை கழுவிவிட்டு வருவார். மருந்து வாங்கித் தருவார், பலகையில் நான் எழுதுவதைப் படித்து யாருக்குப் போன் செய்ய வேண்டுமோ செய்வார். முதல் நாளே ஆஸ்பத்திரிச் சீட்டில் என் வேலையைப் பார்த்துவிட்டார். "ஸ்டேஷன்ல பேசறது நீங்களா?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். ரயில்வே காம்பவுண்டுக்குப் பெயின்ட் அடித்த காலத்திலிருந்து என் குரலைக் கேட்கிறாராம். எந்த ரயிலுக்கு நான் மூச்சு வாங்குவேன் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். கை கேட்கவில்லை.

இப்போது வழக்குச் செய்தி. கறுப்புக் கார்க்காரர் குட்டையைக் குழப்புகிறார். நான் தவறான பக்கத்தில் எதிரே வந்தேனாம், அவர் பாவம் பிரேக் போட்டாராம். இன்ஷூரன்ஸ் ஆள் வந்து போனார். சுவரில் இருக்கும் நம்பர் எந்தக் கார் என்று சொல்லும், நான் எந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லாது என்றார். ஏப்ரல் 8 விசாரணை. மேலே இருந்து பார்த்த ஒரே மனிதர் ஏணிக்காரர்தான். அவர் வந்து சொன்னால் போதும்.

சொல்ல வேண்டியது அவசியம். டாக்டர் நேற்று எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்பு கோணலாகக் கூடுகிறது. கம்பி எடுத்த பிறகு இன்னொரு ஆபரேஷன் செய்து தகடு வைத்தால் நேராகும். செய்யாவிட்டால் சாப்பிடலாம், பேசலாம், ஆனால் 'ச' வரும் இடமெல்லாம் காற்றுப் போகும் என்றார். அறிவிப்பில் எத்தனை 'ச' இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஸ்டேஷனில் இப்போது பதிவு செய்த குரலைப் போட்டிருக்கிறார்கள். என் மேலதிகாரி, "வந்ததும் பார்ப்போம்" என்றார். அந்த ஆபரேஷனை நம் கையில் இருப்பதை வைத்துச் செய்ய முடியாது. கார்க்காரர் மேல் தவறு என்று தீர்ந்தால் அவருடைய இன்ஷூரன்ஸ் செய்யும்.

துவைக்கவில்லை.

உங்கள் மைக்


மார்ச் 22

மைக்கு,

மூச்சு வாங்குவது வரைக்கும் தெரியுமாம்.

அந்தக் குரலைக் கேட்டு ரயிலை விட்டவன் நான். அது கிளம்புகிறது என்று நீ சொல்லச் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து என் ரயிலையே விட்டேன். ஊரில் அப்படி ஒரு முட்டாள்தான் இருக்கிறான் என்று இத்தனை வருஷம் பெருமையாக இருந்தேன். போகட்டும்.

நேற்று ஞாயிறு. உன் செல்லுக்குப் போன் போட்டேன். நீ தூங்குகிறாய் என்றார்கள். பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். கிளார்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், கேட்கட்டும்.

விசாரணைக்கு அந்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு போ. உண்மைக்கு ஏணி தேவையில்லை.

பாறை


மார்ச் 29

என் பாறைக்கு,

ஏணிக்காரரை ஒரு வாரமாகக் காணவில்லை. அவர் போனும் எடுக்கவில்லை. நேற்று மெதுவாக நடந்தே டயர் கடை வரைக்கும் போனேன். ஏணி இல்லை. சுவர் முழுக்க வெளிர்நீலம் அடித்து முடிந்திருக்கிறது. நம்பர் எழுதிய இடத்தை மட்டும் ஒரு ஜன்னல் அளவுக்கு விட்டிருக்கிறார்கள். கடைக்காரர், "அவன் வேற ஊர் வேலைக்குப் போயிட்டாம்மா, அந்த இடத்தை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனான்" என்றார். விசாரணைக்கு நாள் நெருங்குகிறது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள்

இதுவரை காலையில் எழுதியது. இப்போது சாயங்காலம். பாதியில் நிறுத்தியதை முடிக்கப்போவதில்லை. ஏணிக்காரரின் மனைவி வந்துவிட்டுப் போனாள்.

அவருக்கு மனைவி இருக்கிறாள். தையல் வேலை செய்கிறாள். முதல் நாளிலிருந்து அவரோடு அவளும்தான் வந்தாள். சூப் வைத்து, வடிகட்டி, எனக்குத் தலை பின்னிவிட்டு, இரவு துணைக்குப் படுத்துக்கொண்டது எல்லாம் அவள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது அவர் பக்கத்தில் நின்றதும் அவள்தான். நீங்கள் பேசிய சத்தம் அவளுக்கும் கேட்டது. அன்றையிலிருந்து அவளும் வரவில்லை, இன்றைக்குத்தான் வந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"அடுத்தவன் பொண்டாட்டி வாய் பேசாம கெடக்கான்னதும் நாற்காலி போட்டு உக்காந்துட்டியா? இனிமே அந்தப் படி ஏறினா, நான் வந்து உன் ஏணியை உன் தலையிலேயே ஒடிப்பேன்."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பூமி பிளந்தால் போதும் என்று இருந்தது. அவர் போனை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கிளம்பலாம் என்று இவளிடம் சொன்னாராம். ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பாலத்து வேலைக்குப் போய்விட்டார். "எவன் வீட்டு வழக்குக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எழுதி முடித்துவிடலாம். முழுப் பழியையும் உங்கள் தலையில் கட்டிவிட்டுத் தூங்கலாம். முடியவில்லை. அவர் மனைவியைப் பற்றி நான் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. மறந்து இல்லை. எழுத வந்து, வேண்டுமென்றே விட்டேன். நீங்கள் எரிவது எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு என்னைப் பற்றி விடாமல் நினைக்கிறீர்கள் என்று அந்தக் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படித்தேன். இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்றுதான் முடியைப் பற்றியும் எழுதினேன்.

நெருப்பை நான் வைத்தேன், நீங்கள் ஊதினீர்கள், எரிந்தது அந்த மனிதர்.

அவர் வராவிட்டால் கார்க்காரர் சொன்னதுதான் நிற்கும். ஆபரேஷன் இல்லை. நான் பேசினால் ரயிலே வேறு ஊருக்குப் போய்விடும்.

மைக்


ஏப்ரல் 2

மைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. சுரங்கத்துக்குள் எடுத்துக்கொண்டு போய் ஹெட்லைட் வெளிச்சத்தில் படித்தேன். மெஷினை நிறுத்திவிட்டேன். என்னாச்சு என்று கேட்டவர்களிடம் துளை முனை மழுங்கிவிட்டது என்றேன்.

அவர் மனைவி பக்கத்தில் நின்று கேட்டாள் என்பதுதான் என்னைக் கொல்கிறது.

உன்னைத் திட்ட வேண்டும் என்று வருகிறது. நீ அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் நான் போனைத் தொட்டிருக்க மாட்டேன். பிறகு யோசித்தால், நீ எழுதியிருந்தாலும் நான் வேறு ஒன்றைப் பிடித்துத் தொங்கியிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா?

மூன்று நாள் லீவு நாளை மறுநாள் தொடங்குகிறது. உன் கட்டிலை விட்டு நகர மாட்டேன் என்று எழுதினேன். அந்த மூன்று நாள்தான். மலை அடிவாரத்தில் பஸ் இரண்டாகப் பிரியும். ஒன்று உன் பக்கம், ஒன்று பாலத்துப் பக்கம். இரண்டுக்கும் நாள் போதாது. போக ஒரு நாள், அங்கே ஒரு நாள், திரும்ப ஒரு நாள்.

நான் வருவேன் என்று சூப்பை அதிகமாக வைக்கச் சொல்லாதே.

பாறை


ஏப்ரல் 6

மைக்கு,

அடிவாரத்து பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கேயே தபாலில் போட்டுவிடுவேன்.

பாலம் ஆற்றுக்கு மேலே எங்கேயோ இருக்கிறது. இரண்டு கயிற்றில் ஒரு பலகை, அந்தப் பலகையில் அவர். கீழே இருந்து கூப்பிட்டேன். யார் என்று கேட்டார். சொன்னேன். ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி துருவைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு இறங்குவார் என்று காத்திருந்தேன். சாப்பாட்டையும் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டார்.

உனக்குத் தெரியும், நான் மலைக்கு உள்ளே எவ்வளவு ஆழம் என்றாலும் போவேன். ஒரு முக்காலியில் ஏறி பல்பு மாற்றச் சொன்னால் உன்னைக் கூப்பிடுவேன். மேஸ்திரியிடம் கெஞ்சி இடுப்பில் வார் கட்டிக்கொண்டு அந்தப் பலகைக்குப் போனேன். போனேன் என்பது பெரிய வார்த்தை. தவழ்ந்தேன். பாதியில் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்தான் கையை நீட்டிப் பலகைமேல் இழுத்துப் போட்டார். ஏணியை ஒடிப்பேன் என்று சொன்னேனே, அந்தத் தலைக்குப் பக்கத்தில் என் தலை. கையில் டர்பென்டைன் வாசனைதான், நீ சொன்னது சரி. முடியும் நிறைய இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் துருவைச் சுரண்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கீழே பார்க்காதீர்கள், ஏதாவது பேசிக்கொண்டிருங்கள் என்றார். பயத்தில் ஏதோ உளறினேன், அதை விடு.

கடைசியில் சுரண்டுவதை நிறுத்தினார்.

"நான் வந்து சாட்சி சொல்றேன்னு வைங்க. நாளைக்கு அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பீங்க."

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். அந்த உயரத்தில் பொய் வரவில்லை.

"கண்டுபிடிப்பேன்" என்றேன். "வயிறு எரியும். எரிஞ்சாலும் நீங்க போகணும்."

அவர் சுரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "என் வீட்டுக்காரி மட்டும் என்னை நம்பியா கூட வந்தா? ஸ்டேஷன் குரல் ஸ்டேஷன் குரல்னு நான் சொல்லிச் சொல்லி, அது யாருன்னு பாக்கத்தான் முதல் நாள் வந்தா" என்றார். சிரித்தார். நானும் சிரிக்கப் போய் பலகை ஆடியது, வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை இருவரும் ஒரே பஸ்ஸில் அடிவாரம் வந்தோம். உன் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவருக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். டிக்கெட்டை நான்தான் எடுத்தேன். பை வைக்க மேலே இடம் பார்த்தேன். அது நான் உட்கார வேண்டிய இடம். நீ இருக்கும் ஊருக்கு, நான் போக வேண்டிய நாளில், நானே அவரை ஏற்றி அனுப்புகிறேன். பஸ் திரும்பி மறையும்வரை கையை ஆட்டினேன். பெரிய மனுஷன்போல ஆட்டினேன். உள்ளே எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவரிடம் உனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தேன். அதையும் அவர் வாயால் நீ கேட்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

பாறை


ஏப்ரல் 15

என் பாறைக்கு,

முதலில் செய்தி. ஏணிக்காரர் விசாரணையில் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். நான் சரியான பக்கத்தில், ஓரமாக வந்தேன். கார்க்காரர் ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் போன், குனிந்தபடியே திரும்பினார். தார்ப்பாயை எடுத்து சைக்கிளைப் பார்த்தார்கள். பின்சக்கரம்தான் நசுங்கியிருக்கிறது, முன்சக்கரத்தில் ஒரு கீறல் இல்லை. எதிரே வந்தவளுக்குப் பின்சக்கரம் எப்படி நசுங்கும் என்று அதிகாரி கேட்டார். கார்க்காரர் வாயிலும் யாரோ கம்பி கட்டியதுபோல இருந்தது. தவறு அவர் மேல்தான் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த மாதம் ஆபரேஷன்.

விசாரணை முடிந்து ஏணிக்காரரும் மனைவியும் நானும் டயர் கடைக்குப் போனோம். அவர் வெளிர்நீலத்தைக் கலக்கி அந்த நம்பரை மூடினார். மூன்று பூச்சு தேவைப்பட்டது, சிவப்பு அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. அன்றே பாலத்துக்குக் கிளம்பிவிட்டார். இந்தத் தடவை அவளும் கூடப் போய்விட்டாள். ஒரு ஆளைத் தனியாக விட்டால் என்னென்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டாளாம்.

நேற்று கம்பியை எடுத்தார்கள். ஏதாவது பேசுங்கள் என்றார் டாக்டர். தலையாட்டினேன். நர்ஸ் கெஞ்சினாள். அக்கா வந்திருக்கிறாள், அவள் அழுதே பார்த்தாள். வாய் திறக்கிறது, கொட்டாவி விடுகிறேன், ரொட்டியைப் பாலில் ஊறவைத்து மென்றேன். பேசவில்லை. பயந்துவிட்டேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

பயம் இல்லை, எனக்கு வயிறு எரிகிறது.

பலகைமேல் பயத்தில் ஏதோ உளறினேன், அதை விடு என்று எழுதினீர்களே. என்ன உளறினீர்கள் என்று ஏணிக்காரர் சொல்லிவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'பயணிகள் கவனத்திற்கு' என்று தொடங்கி என் அறிவிப்பு முழுவதையும் சொன்னீர்களாம். நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, நான் இழுக்கும் இடத்தில் இழுத்து, மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கி. அச்சு அசலாக இருந்ததாம். சுரங்கத்தில் விளக்கு அணையும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொள்வேன் என்று அவரிடம் சொன்னீர்களாம்.

ஆறு வருஷமாக அதை ஒரு இருட்டுச் சுரங்கம் கேட்டிருக்கிறது. உங்களோடு வேலை செய்கிறவர்கள் கேட்டிருப்பார்கள். முந்தாநாள் வரை யாரென்றே தெரியாத ஒரு மனிதர் கேட்டுவிட்டார். அவர் மனைவி அவர் சொல்லிக் கேட்டுவிட்டாள், என் எதிரிலேயே சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நான் மட்டும் கேட்டதில்லை. நான் எழுதின அத்தனை கடிதத்துக்கும் வட்டியோடு திருப்பித் தந்துவிட்டீர்கள்.

ஞாயிறு காலை உங்கள் ஆபீசுக்குப் போன் செய்வேன். கிளார்க் பக்கத்தில் நிற்கட்டும், சமையல்காரரும் வரட்டும், எனக்கு வெட்கமில்லை. என் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை உங்களுக்குத்தான், வேறு யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிறேன். 'ச' வரும் இடத்தில் காற்றுப் போகும், சிரித்தீர்களானால் வைத்துவிடுவேன்.

ஆனால் முதலில் நீங்கள் சொல்ல வேண்டும். 'பயணிகள் கவனத்திற்கு' என்பதிலிருந்து, ஒரு எழுத்து விடாமல். அதைக் கேட்ட பிறகுதான் நான் வாயைத் திறப்பேன்.

உங்கள் மைக்